உறுமி வேண்டாம் என்ற ஊர்

ஒரு சொல் வாயை விட்டு வெளியே வந்த பிறகு அது யாருக்குச் சொந்தம், சொன்னவருக்கா, கேட்டவருக்கா? சமயநல்லூர் டி.ஜே. சோணைமுத்துவைப் பற்றிப் பேச ஆரம்பிப்பவர்கள் கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்வார்கள். அவர்கள் கேள்வியை இப்படிக் கேட்பதில்லை. "அவனுக்குத் தெரியும்ப்பா, சொல்ல மாட்டேங்கிறான்" என்பார்கள். இல்லையென்றால், "அவனுக்கென்ன தெரியும், சத்தத்துக்குள்ள கெடந்த பய" என்பார்கள். சில சமயம் இரண்டையும் சொல்வது ஒரே ஆளாக இருக்கும்.

அப்போது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. பெரிய கலைஞன் என்று சொல்ல முடியாது. பாட்டைத் தேர்ந்தெடுத்துப் போடுவதில் அவனைவிடக் கெட்டிக்காரர்கள் மதுரையில் தெருவுக்கு ஒருவர் உண்டு. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து, மூன்று பேப்பரை எழுதாமலே விட்டுவிட்டு, செல்போன் ரிப்பேர் கடையில் நாலு வருடம் குனிந்து உட்கார்ந்தவன். அந்தக் கடையில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு லேப்டாப்பில் டி.ஜே. சாஃப்ட்வேரை ஏற்றிப் பார்த்தான். அதோடு ரிப்பேர் வேலை போயிற்று.

மற்றவர்கள் அந்த சாஃப்ட்வேரில் பாட்டைத் தேடினார்கள். அவன் பாட்டுக்குப் பக்கத்தில் இருந்த குமிழ்களைத் தேடினான். எக்கோவைத் திருகினால் ஒரு சொல் சிறுத்துச் சிறுத்துத் திரும்பி வரும். ரிவெர்பைத் திருகினால் பந்தலுக்குள் பாடியது ஆளில்லாத மண்டபத்தில் பாடியதாக மாறிவிடும். ஃபில்டரை மூடினால் பாட்டின் பேஸ் என்கிற அடிக்கனம் போய், பக்கத்து வீட்டில் ஓடுவது போல மெலிந்து கேட்கும். ரோல் என்று ஒன்று உண்டு. ஒரே அடியைப் பிடித்துப் பாதியாக, காலாக, அரைக்காலாக நறுக்கி நறுக்கி அடிக்கும்.

"பாட்டு எல்லாருக்கும் பொதுவுடி. அதோட வாலு மட்டுந்தான் என்னது" என்று மனைவி கனகாவிடம் சொல்லியிருக்கிறான்.

"அதான் நான் ஒண்ணு கேட்டா பதிலு எக்கோ மாதிரி அரை மணி நேரங் கழிச்சு வருதா?" என்றாள் கனகா. அவள் சமயநல்லூரிலேயே ஒரு தையல் கம்பெனியில் காலர் தைக்கிறவள். பேச்சிலும் பிசிறு வைக்க மாட்டாள்.

இந்த எஃபெக்டுகளைச் சேர்த்து அவன் ஒன்று செய்து வைத்திருந்தான். அதற்கு 'இழுப்பு' என்று பெயர். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது ஃபில்டரை மெல்ல மூடுவான். ரோல் அடியை நெருக்கிக்கொண்டே போகும். கூட்டம் மூச்சைப் பிடிக்கும். திடீரென்று எல்லாம் நிற்கும். எக்கோவின் நுனி மட்டும் காற்றில் தொங்கும். பிறகு அவன் கையை எடுப்பான்; மொத்த பேஸும் நெஞ்சில் வந்து விழும். எல்லோரும் செய்கிற வித்தைதான். ஆனால் கையை எப்போது எடுக்க வேண்டும் என்று மற்றவர்கள் திரையைப் பார்த்து முடிவு செய்தார்கள், இவன் ஆடுகிறவர்களின் முகத்தைப் பார்த்து முடிவு செய்தான். அந்த ஒன்றை மட்டும் அவனுக்குக் கொடுத்துவிடலாம்.

ஸ்பீக்கர்களும் அவற்றை ஏற்றிப் போகும் குட்டியானை வண்டியும் அவனுடைய கூட்டாளி தமிழ்மாறனுக்குச் சொந்தம். ஓட்டுவதும் அவனே. பேசுவதும் பெரும்பாலும் அவனே.

பங்குனி முடியும் சமயத்தில் கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஜெயபாண்டி வந்தார். ஊர்த் திருவிழாக் கமிட்டித் தலைவர். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு செல்போன். பால்குட ஊர்வலத்துக்கு டி.ஜே. வேண்டும் என்றார். தேதி, வழி, நேரம் எல்லாம் பேசி முடித்த பிறகும் எழுந்து போகவில்லை.

"ஒரே ஒரு கண்டிசன் தம்பி. உறுமிச் சத்தம் மட்டும் வரக்கூடாது."

"மேளக்காரவுக யாரும் வரலையாண்ணே?"

"வரல. வேணாம்னுட்டோம். உங்க மிசின்லயும் வரக்கூடாது. பாட்டுக்கு ஊடால வந்தாக்கூட அந்தப் பாட்டு வேணாம்."

தமிழ்மாறன் சிரித்தான். "நாதஸ்வரமாச்சும் உண்டாண்ணே, இல்ல அதுக்கும் தடையா?"

ஜெயபாண்டி சிரிக்கவில்லை. "சினிமாப் பாட்டு போடுங்க. குத்துப் பாட்டு போடுங்க. எம்புட்டு வேணாலும் போடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

காரணத்தைத் தமிழ்மாறன் மறுநாளே விசாரித்து வந்துவிட்டான். அவனுடைய சகலை கொட்டாம்பட்டியில் உரக்கடை வைத்திருந்தார்.

அந்த ஊரில் முனீஸ்வரி என்று ஒருத்தி. வயது நாற்பத்தைந்து இருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வருடாவருடம் திருவிழாவில் அவள் மேல்தான் சாமி இறங்கும். உறுமி அடித்ததும் இறங்கும், கேட்டதற்கு வாக்குச் சொல்லும், மலையேறிவிடும். மலையேறிய பிறகு, தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் துளியும் நினைவிருக்காது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுடைய ஒரே மகன் விக்ரம் விடியற்காலையில் வாய்க்கால் ஓரம் செத்துக் கிடந்தான். முழங்காலுக்குக் கீழே கம்பி பட்ட கருகல். கடலைக் காட்டுக்குள் பன்றி வராமலிருக்க யாரோ கள்ளத்தனமாகக் கரண்டு வேலி கட்டியிருக்கிறார்கள். ஆள் கூடுவதற்குள் கம்பியைச் சுருட்டிவிட்டார்கள். மின்சாரம் தாக்கிச் சாவு என்று எழுதியாயிற்று. யாருடைய கம்பி என்று எழுத முடியவில்லை. அந்த வாய்க்காலை ஒட்டி நாலு தோட்டம். நாலு பேருமே கமிட்டியில் இருந்தார்கள். ஒருவர் ஜெயபாண்டி.

"சாவு நடந்ததுலருந்து திருவிழா இல்ல. இந்த வருசம் வச்சே ஆகணும். உறுமி அடிச்சா அந்தம்மா மேல சாமி வரும். வந்தா பேரச் சொல்லிப்புடும். அதுக்குத்தான் மாப்ள நம்மளக் கூப்புடுறாய்ங்ய. ஊரே டி.ஜே.ய சாமி வரக்கூடாதுன்னு வைக்குது" என்றான் தமிழ்மாறன்.

"நாலு பேருமா கட்டுனாய்ங்ய?"

"எவனோ ஒருத்தன்தான்."

"அப்ப மத்த மூணு பேரு ஏன் பயப்படுறாய்ங்ய?"

தமிழ்மாறன் யோசித்தான். "சாமி தப்பாச் சொல்லாதுன்னு ஊரு நம்புதுல்ல? தம் பேரச் சொல்லிருச்சுன்னா, செய்யலன்னு எவன்கிட்டப் போயி சத்தியம் பண்றது?"

திருவிழா அன்று காலை ஒன்பது மணிக்கே வெயில் ஏறிவிட்டது. சோணைமுத்து வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து சாமான்களை ஒழுங்கு செய்துகொண்டிருந்தான். லேப்டாப் அதிராமலிருக்க அடியில் சைக்கிள் டியூப், திரையில் வெயில் விழாமலிருக்க அட்டைப்பெட்டி மறைப்பு. கமிட்டி அறிவிப்புக்கு ஒரு மைக்கை வண்டியின் ஓரத்தில் தொங்கவிட்டிருந்தான். அந்த மைக்கின் குரல் ஸ்பீக்கருக்கு எஃபெக்ட் வழியாகப் போகும். ஹெட்போனுக்கு மட்டும் எதுவும் ஏறாமல் பச்சையாக வரும். மைக்கில் கோளாறு என்றால் உடனே கண்டுபிடிக்க அவன் செய்துகொண்ட ஏற்பாடு.

மஞ்சள் சேலையில் ஒரு பெண் வந்து நின்றாள். பின்னால் ஒரு ஆள் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"தம்பி, நான் முனீஸ்வரி. இவன் எந்தம்பி சுருளி, திருப்பூர்லருந்து வந்திருக்கான்."

"சொல்லுங்கக்கா."

"உறுமி அடி ஒண்ணு வச்சிருப்பீகள்ல? கண்மாய்க்கரை திரும்பும்போது அஞ்சு நிமிசம் போடுங்க. அம்புட்டுத்தான்."

"கமிட்டில வேணாம்னு சொல்லிட்டாகக்கா."

"வேணாம்னுதான் சொல்லுவாக." குரலை அவள் உயர்த்தவில்லை. "இருபது வருசமா ஊருக்கெல்லாம் காணாமப் போன மாட்டச் சொன்னேன், தாலியச் சொன்னேன். எம்புள்ளைக்கு ஒருவாட்டி கேக்க வேணாமா?"

சோணைமுத்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் போன பிறகு சுருளி நின்றான். பைக்கின் பக்கப் பெட்டியைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தான். பெட்டிக்குள் துண்டு சுற்றிய நீளமான ஒன்று இருந்தது. அது கண்ணில் படட்டும் என்றே திறந்தான் போலிருந்தது.

"பேரு மட்டும் வரட்டும் தம்பி. மத்தத நான் பாத்துக்கிறேன்."

"அண்ணே, போலீசு இருக்கு, கோர்ட்டு இருக்கு…"

"இருக்கு. ரெண்டு வருசமா அதுகளும் இருக்கு, நானும் இருக்கேன்." தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

உறுமி போடுவதில்லை என்று சோணைமுத்து அப்போதே முடிவு செய்தான். லேப்டாப்பில் உறுமி இருந்த கோப்புகளையே அழித்தான். ஊர் செய்த அதே பிழையை அவனும் செய்தான். சாமி அந்தத் தோலில் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஊர்வலம் பத்தரைக்குக் கிளம்பியது. முன்னால் வண்டி, அதைப் பார்த்தபடி ஆடுகிறவர்கள், பின்னால் தலையில் பால்குடம் ஏந்திய பெண்கள். தமிழ்மாறன் நடை வேகத்தில் ஓட்டினான். நாலு தோட்டக்காரர்களையும் அவன் ஏற்கெனவே அடையாளம் காட்டியிருந்தான். நாலு பேரும் ஒன்றாக நடக்கவில்லை. ஒருவர் இன்னொருவர் பக்கத்தில் நிற்பதைக்கூடத் தவிர்த்தார்கள். முனீஸ்வரி மூன்றாவது வரிசையில் வந்தாள். கண் நேராக இருந்தது, நடை சாதாரணமாக இருந்தது. எந்தப் பாட்டுக்கும் அவள் உடம்பில் அசைவில்லை. ஜெயபாண்டி ஒருமுறை வண்டிக்குப் பக்கத்தில் வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

கண்மாய்க்கரை திரும்பும்போது மணி பன்னிரண்டை நெருங்கியது. ஆடுகிறவர்கள் களைத்துவிட்டார்கள். ஒருவன் கத்தினான்: "அண்ணே, இழுப்பு போடுண்ணே! ஒரு இழுப்பு!" நாலைந்து குரல் சேர்ந்துகொண்டது.

ஏழு வருடப் பழக்கம். கை தானாகப் போயிற்று. ஓடிக்கொண்டிருந்தது ஒரு சாதாரணக் குத்துப் பாட்டு. ஃபில்டர் மூடியது. அடிக்கனம் வடிந்து பாட்டு தூரமாகப் போனது. ரோல் பிடித்தது. முழு அடி. பாதி. கால். அரைக்கால். பிறகு எல்லாம் நின்றது.

உறுமிக்காரர்களும் கடைசியில் இதைத்தான் செய்வார்கள். அடியை நெருக்கி நெருக்கிக் கொண்டுவந்து, ஒரு மூச்சு நிறுத்தி, அப்புறம் விழுவார்கள். இருபது வருடமாக முனீஸ்வரி மேல் சாமி இறங்கியது மேளத்தில் இல்லை, அந்த நிறுத்தத்தில். அது சோணைமுத்துவுக்குத் தெரியாது. ஊருக்கும் தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்காது.

அந்த ஒரு மூச்சு நேரத்தில் பித்தளைக் குடம் தார் ரோட்டில் விழுந்த சத்தம் கேட்டது. பால் ஓடியது. "ஏஏய்!" என்று ஒரு குரல் எழுந்தது. ஆண் குரலா பெண் குரலா என்று சொல்ல முடியாத குரல்.

அவன் கையை எடுக்கவில்லை. பேஸ் விழவில்லை. எக்கோ தேய்ந்து முடிந்தது.

அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக வண்டிக்கு வந்தாள். கூந்தல் அவிழ்ந்திருந்தது. தடுக்கப் போன இரண்டு பெண்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விலகினார்கள். ஓரத்தில் தொங்கிய மைக்கைப் பறித்தாள். வழக்கமாக, வந்திருப்பது யார் என்று ஊர் கேட்கும். அன்று ஒருவரும் கேட்கவில்லை. சுருளி மட்டும் முன்னால் வந்து கைகூப்பினான்.

"ஆத்தா, எம் மருமகன் கால்ல கம்பியப் போட்டவன் யாரு? நீதான் சொல்லணும்."

அவனுடைய பைக் பத்தடி தூரத்தில், வேலியோரமாக நின்றது. பக்கப் பெட்டி பூட்டப்படவில்லை.

"சொல்றேன்டா" என்றது மைக்கில் வந்த குரல். "எம்புள்ளையச் சுட்ட கம்பி. வெடியுறதுக்குள்ள வந்து சுருட்டிக்கிட்டுப் போனவன்…"

மைக்கை அணைத்திருக்கலாம். அணைத்தால் அவள் வெறுந்தொண்டையில் சொல்லுவாள். பக்கத்தில் நிற்கும் சுருளிக்கு அது போதும். சோணைமுத்துவின் கை எதிர்ப்பக்கமாகத் திருகியது. எக்கோ முழுசாக, ரிவெர்ப் முழுசாக, மைக்கின் சத்தம் முழுசாக. அவள் சொன்ன சொல் ஸ்பீக்கரில் போய், மைக்குக்கே திரும்பி வந்து, அதன் மேல் இன்னொன்று ஏறி, அதன் மேல் இன்னொன்று ஏறி, எழுத்துக்கு எழுத்து உருத் தெரியாமல் அழிந்து, ஒரே ஓலமாக எழுந்தது. கூட்டம் காதைப் பொத்தியது. கண்மாய்க்குள் நின்ற மாடுகள் கயிற்றை அறுக்கப் பார்த்தன. அவள் உதடு அசைவது தெரிந்தது. மைக் பாதி முகத்தை மறைத்திருந்தது.

ஹெட்போனில் அந்தக் குரல் பச்சையாக வந்தது. ஒரு பெயர். இரண்டு தடவை.

அவள் சாய்ந்தாள். சுருளி தாங்கிக்கொண்டான். ஓலம் அடங்கியபோது சோணைமுத்து தலையைத் தூக்கினான். கூட்டம் அவளைப் பார்த்தது. நாலு தோட்டக்காரர்கள் மட்டும், நாலு இடத்தில் நின்றுகொண்டு, அவனையே பார்த்தார்கள். குற்றம் ஒருவனுடையது. முகம் நாலும் ஒன்று போலத்தான் இருந்தது.

சாயங்காலம் சாமான்களை ஏற்றும்போது ஜெயபாண்டி வந்தார். "நல்ல நேரத்துல மிசினு கோளாறாச்சு தம்பி." போகத் திரும்பியவர் நின்று, "உன் காதுல எதுவும் விழுந்துச்சா?" என்றார்.

"மைக்கு ஊளையிட்டுருச்சுண்ணே. எனக்கே காதடைச்சுப் போச்சு."

"அப்பச் சரி" என்றார் அவர். ஆனால் வண்டி ஊர் எல்லை தாண்டும் வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக நாலு தோட்டத்திலிருந்தும் சோணைமுத்து வீட்டுக்குச் சாமான் வந்தது. முதலில் ஒரு மூட்டை நிலக்கடலை. பிறகு ஒரு வாழைத்தார். பிறகு இருபது தேங்காய். கடைசியில் காலைக் கட்டிய ஒரு சேவல். யாரும் எதற்கு என்று சொல்லவில்லை. "அந்தப் பக்கமா வந்தோம்" என்றார்கள்.

"யாருங்க இவுக, நமக்கு என்ன மொறை வேணும்?" என்று கனகா கேட்டாள்.

அவன் எதையும் தொடவிடவில்லை. சேவலை அவிழ்த்து விட்டான். வாழைத்தார் அழுகியது. நிலக்கடலை மழையில் நனைந்து மூட்டைக்குள்ளேயே முளைவிட்டது. ஊர்வலத்தில் சாஃப்ட்வேர் பதிவு செய்திருந்த கோப்பைச் சுருளி பென்டிரைவில் வாங்கிப் போனான். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தான்.

"மதுரைல நாலு ஸ்டூடியோ ஏறி எறங்கிட்டேன் தம்பி. கலந்தது கலந்ததுதான், பிரிக்க முடியாதுங்கிறாய்ங்ய. காதுல ஒண்ணு மாட்டியிருந்தியே, அதுல?"

"அதுல நான் அடுத்த பாட்டக் கேட்டுக்கிட்டிருந்தேண்ணே."

சுருளி பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டான். "நீ நல்லவனா கெட்டவனான்னு எனக்குப் புடிபடலடா" என்றான். தமிழ்மாறன் மட்டும் வேலை ஓட்டத்தில் எல்லாவற்றையும் மறந்தான். இழுப்பு கேட்டால் கூடுதலாக வாங்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் முனீஸ்வரி வந்தாள். இரண்டு பஸ் மாறி, விசாரித்து விசாரித்து வந்திருந்தாள். கனகா கொடுத்த தண்ணீரை நின்றபடியே குடித்தாள். பிறகு சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"சுருளி திருப்பூர்லயே இடம் வாங்கிட்டான் தம்பி. அவன் புள்ளைகளக் கோயில்ல நிறுத்தி சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணிட்டான். இனிமே அருவா, வெட்டு ஒண்ணுங் கெடையாது. அதச் சொல்லிட்டுத்தான் மத்ததக் கேக்கணும்னு வந்தேன்."

சோணைமுத்து அவள் குடித்துவிட்டு வைத்த தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தான்.

"பேரு வேணாம்யா. பேரக் கேட்டா நான் அந்த ஊருல குடியிருக்க முடியாது. நாலு வாசலயும் தாண்டித்தான் தண்ணிக்குப் போறேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அன்னைக்கு நான் சொன்னனா, சொல்லலையா?"

வெளியே யாரோ பைக்கை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கும் வரை அவள் காத்திருந்தாள்.

"மலையேறுனா எனக்கு எதுவும் தங்காது. ஊர்ல கேட்டா ஒரே எரைச்சலா இருந்துச்சுங்கிறாக. நீ பக்கத்துல இருந்த. சாமி வந்து சொல்லிட்டுப் போயிருச்சுன்னா, எம்புள்ள செத்தத ஒருத்தராச்சும் பாத்திருக்காக. அந்த நெனப்புல நான் கெடந்துருவேன். வந்தும் சொல்லாமப் போயிருந்தா…" அவள் முடிக்கவில்லை. "ஆமான்னு தலைய ஆட்டுனாக்கூடப் போதும்."

கனகா அடுப்படி நிலையில் நின்றிருந்தாள். புருஷனுக்கு எல்லாம் கேட்டது என்று அவளுக்குத் தெரியும். திருவிழா முடிந்து வந்த அன்றே சொல்லியிருந்தான். பெயரைச் சொல்லவில்லை, கேட்டது என்பதை மட்டும் சொல்லியிருந்தான். இப்போது சொல்லிவிடுவான் என்று நினைத்தாள். சொல்வதில் யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை என்றும் நினைத்தாள்.

சோணைமுத்து முனீஸ்வரியின் முகத்தைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். ஆமாம் என்றால் அவள் கேள்வி அதோடு நிற்குமா என்று தேடியது போலிருந்தது.

"இல்லக்கா" என்றான். "நீங்க எதுவும் சொல்லல."

அவள் மெல்லத் தலையாட்டினாள். முந்தானையைச் சரி செய்துகொண்டு எழுந்தாள். அவன் மாட்டுத்தாவணி வரை அவளைப் பைக்கில் கொண்டுபோய், திருச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார வைத்துவிட்டு வந்தான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கனகா அன்று கேட்டாள், பிறகும் பல நாள் கேட்டாள். அவன் சொல்லவில்லை.